செதில் உரிந்த தங்கமீனுக்கு மருந்து போடுவதற்கு முன்

உங்கள் கேள்வியின் சாரம் இது: கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள உங்கள் வீட்டுத் தொட்டியில், ஃபில்டரின் உறிஞ்சு குழாயில் ஒட்டிக்கொண்ட தங்கமீனை விடுவித்திருக்கிறீர்கள். விலாப்பக்கத்தில் சில செதில்கள் உரிந்து தோல் சிவந்திருக்கிறது, வாலும் கிழிந்திருக்கிறது. கடைக்காரர் மெத்திலீன் ப்ளூ என்னும் நீலச் சாய மருந்தையும் டெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையையும் தொட்டியில் போடச் சொல்கிறார். போடலாமா? இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம் என்பது என் பதில். நான் கால்நடை மருத்துவர் அல்லன். புதுச்சேரியில் பல ஆண்டுகளாகத் தங்கமீன் வளர்த்து வருபவன் என்ற முறையில், காரணங்களோடு சொல்கிறேன்.

மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான கோழைப் படலமும் அதன் அடியிலுள்ள தோலும் கிருமிகளைத் தடுப்பதோடு, தண்ணீர் தாறுமாறாக உள்ளே நுழையாமலும் காக்கின்றன. நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்புக்கு இணையான செறிவு இருக்கிறது. சுற்றியுள்ள நீரிலோ பெரும்பாலும் அரை கிராம்கூட இருப்பதில்லை. ஆகவே தோல் உரிந்த இடத்தின் வழியே நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உடலின் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றுவதிலும் இழந்த உப்பைச் செவுள் வழியே திரும்பப் பெறுவதிலும் மீன் தன் சக்தியைச் செலவிடுகிறது. காயம் ஆற வேண்டுமானால் இந்தச் சுமை முதலில் குறைய வேண்டும்.

அதற்குக் கல் உப்பே போதுமானது. மரக்காணம் உப்பளத்து உப்பு நம் பக்கத்து மளிகைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். தனிப் பாத்திரத்தில் கரைத்து, மண் தங்காதபடி வடிகட்டிக்கொள்ளுங்கள். தங்கமீனுக்கு லிட்டருக்கு 2 கிராம் என்பது பாதுகாப்பான அளவு. 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியானால் 80 கிராம். முதல் நாள் பாதி, மறுநாள் மீதி. கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த அளவை ஈடுகட்ட ஊற்றும் நீரில் உப்புச் சேர்க்கக் கூடாது. வெளியே எடுத்து மாற்றும் நீருக்கு மட்டுமே சேர்க்க வேண்டும். பலர் இதைக் கவனிக்காததால்தான் ஒரு வாரத்தில் அளவு ஏறிவிடுகிறது. கோரிடோரஸ், லோச் போன்ற மீன்கள் உப்பை அவ்வளவாகத் தாங்குவதில்லை, செடிகளும் வாடும். ஆகையால் இதைத் தனித் தொட்டியில்தான் செய்ய வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் குழம்புகிறோம். கடலுக்கு அருகிலுள்ள பகுதிகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று சொல்லி, அடிபட்ட மீனை 20 லிட்டர் கேன் தண்ணீரில் விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நமக்குத் தூய்மையான நீர் என்பதால் மீனுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கேனில் வரும் ஆர்.ஓ. நீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. மேலே சொன்ன சுமையை அது கூட்டும், அமில காரத் தன்மையையும் நிலையாக வைத்திருக்காது. இதுவரை போர் தண்ணீரில் வாழ்ந்த மீனைத் திடீரென்று அதில் விடுவது காயத்தைவிடப் பெரிய அடி. உங்கள் மீன் எந்த நீருக்குப் பழகியதோ அதே நீரைப் பயன்படுத்துங்கள். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் மலிவான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. போர் நீரே லிட்டருக்கு 1 கிராமை (மீட்டரில் 1000 ppm) தாண்டிக் காட்டினால், சேர்க்கும் உப்பை ஒரு கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் செவுளைப் புண்ணாக்கும் என்பதால், கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டை உரிய அளவில் கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

மீனை மாற்றும்போது வலையைத் தவிர்த்து, ஒரு கிண்ணத்தில் நீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள். உரசும் ஒவ்வொரு வலையும் கோழைப் படலத்தை இன்னும் கொஞ்சம் உரித்துவிடும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் இருக்காது. நீர் காரமாகவும் சூடாகவும் இருக்கும்போது அம்மோனியாவின் நச்சு கூடும். நம் கோடைக்கு இரண்டுமே பொருந்தும். ஆகவே முதல் நாள் தீனி வேண்டாம், பிறகு சிறிதளவு போதும், தினமும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும், ஏனென்றால் நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 2011 தானே புயலுக்குப் பிறகு கடலூரில் மின்சாரம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை அறிந்தவர்கள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வீட்டில் வைத்திருப்பார்கள். ஹீட்டர் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். தங்கமீன் குளிர்ச்சியை விரும்பும் மீன்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். டெட்ராசைக்ளின் கடின நீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்துவிடுவதால், நம் போர் தண்ணீரில் அதன் வீரியம் பெரிதும் குறைந்துவிடும். பற்றாக்குறை அளவில் போட்ட ஆன்டிபயாட்டிக் கிருமிகளுக்கு எதிர்ப்புத் திறனைத்தான் பழக்கும். மெத்திலீன் ப்ளூ பூஞ்சைக்கு ஓரளவு உதவும், ஆனால் முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரின் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடும். காயத்தின் மேல் பஞ்சு போன்ற வெண்மை எழும்பி நின்றால், தனித் தொட்டியில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். மஞ்சள் தூளைத் தூவும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அது நீரில் கரையாமல் அடியில் படிந்து அழுகுவதைத் தவிர வேறு பயன் எதையும் நான் கண்டதில்லை.

சிவப்பு பரவினால், செதில்கள் சிலிர்த்து நின்றால், அல்லது வாயோரத்திலும் முதுகிலும் மஞ்சள் கலந்த வெண்படலம் ஓரிரு நாளில் வேகமாகப் படர்ந்தால், காத்திருக்க வேண்டாம். கடைசியாகச் சொன்னது பூஞ்சையைப் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கும். சூடான நீரில் அது விரைந்து கொல்லும். அப்போது மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் ஆலோசனையோடுதான் ஆன்டிபயாட்டிக்.

இவை எதுவும் தோன்றாவிட்டால் பொறுமையாக இருங்கள். புண்ணின் ஓரம் கறுத்தால் அஞ்ச வேண்டாம். தங்கமீனின் காயம் ஆறும்போது அங்கே கருநிறம் சேர்வதும் பின்னர் மறைவதும் வழக்கம். வாலின் கிழிசல் நிறமற்ற மெல்லிய சவ்வாக முதலில் வளரும். துடுப்பின் அடிவேர் சேதமடையாதவரை சில வாரங்களில் நிரம்பிவிடும்.

மற்றொன்றையும் யோசித்துப் பாருங்கள். நல்ல நிலையிலுள்ள தங்கமீன் சாதாரண ஃபில்டரின் இழுவையில் சிக்குவது அரிது. அது முன்பே சோர்ந்திருந்ததா, தொட்டியில் அம்மோனியாவோ, அது சிதையும்போது உருவாகும் நைட்ரைட்டோ ஏறியிருந்ததா என்று டெஸ்ட் கிட் வாங்கிச் சோதியுங்கள். உறிஞ்சு குழாயின் முனையில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். மீனைத் திரும்ப விடுவதற்கு முன், உப்பில்லாத நீரால் சில நாள்களாகச் சிறிது சிறிதாக மாற்றி உப்பைக் குறையுங்கள். உங்கள் தொட்டியில் டைகர் பார்ப் போன்ற வால் கடிக்கும் மீன்கள் இருந்தால், தங்கமீனுக்கு வேறு தொட்டிதான் ஏற்பாடு செய்ய வேண்டும்.