பனி இளகினால் ஆட்களும் போய்விடுகிறார்களே!

கேள்வி: கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கில், எரிவாயுக் கிணறு தோண்டும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் ஆளெடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஒவ்வொரு நவம்பரிலும் புது ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கிறோம். மார்ச் முடிந்தால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. சம்பளத்தைக் கூட்டினால் நிற்பார்கள் என்கிறார் முதலாளி. சரிதானா?
- வாசகி, ஃபோர்ட் செயின்ட் ஜான்

பதில்: சம்பளம் ஆளைக் கொண்டுவரும் சகோதரி, நிறுத்தி வைக்காது. அவர்கள் எப்போது போகிறார்கள் என்று பாருங்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மார்ச் முடிந்ததும்.

உங்கள் பக்கத்தில் பெரும்பகுதி சதுப்பு நிலம். அது உறைந்து கிடக்கும்வரைதான் ரிக்கை, அதாவது கிணறு தோண்டும் இயந்திரத்தை, கொண்டுபோக முடியும். இளகத் தொடங்கியதும் சாலைகளில் எடைக் கட்டுப்பாடு வந்து ரிக்குகள் நின்றுவிடும். பிரேக்-அப் என்று நீங்கள் சொல்லும் அந்த வாரங்களில் பையன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். நிறுவனத்திலிருந்து ஒரு போன்கூட வராது. வாடகையும் வண்டித் தவணையும் காத்திருக்குமா? எட்மன்டனில் கட்டட வேலை கிடைத்தால் போய்விடுவான். 2014-க்குப் பின் எண்ணெய் விலை சரிந்தபோது அப்பாவோ மாமாவோ வேலையிழந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் இவர்களில் இருப்பார்கள். "கூப்பிடுவோம்" என்ற வார்த்தையை அவர்கள் எப்படி நம்புவார்கள்?

அதனால் பிப்ரவரியிலேயே ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசுங்கள். எந்த மாதம் திரும்ப வேலை, எந்த ரிக், என்ன பதவி என்று எழுதிக் கொடுங்கள். தேதி தள்ளிப்போனால் அதையும் உடனே சொல்லிவிடுங்கள்.

பயிற்சியையும் அந்த இடைவெளிக்கு மாற்றுங்கள். நவம்பர் அவசரத்தில் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. கிணற்றிலிருந்து வரக்கூடிய நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு பற்றி, சேரும்போதே தேவையான பாதுகாப்புச் சான்றிதழை முதலில் முடித்துவிடுங்கள். மற்றதை ஏப்ரலில், சம்பளத்தோடு நடத்தலாம். ரிக் டெக்னீஷியன் என்பது, சான்றிதழ் கனடா முழுவதும் செல்லும் 'ரெட் சீல்' தொழில். இயந்திரங்களைக் கவனிக்கும் மோட்டார்ஹேண்ட், கோபுரத்தின் மேல் வேலை செய்யும் டெரிக்ஹேண்ட், குழுவை நடத்தித் தோண்டும் ட்ரில்லர் என்று ஏறுவதற்கு வழி இருக்கிறது. அந்த வழியில் அவனைப் பதிவு செய்துவிட்டால், அடுத்த குளிர்காலத்தில் உங்களிடம் வர அவனுக்கே ஒரு காரணம் இருக்கும்.

இன்னொன்று, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முதல் இரண்டு வாரம். லீஸ்ஹேண்டாக, அதாவது அடிமட்ட உதவியாளாக, வருகிறவன் மைனஸ் முப்பது குளிரில் நீராவிக் குழாயைப் பிடித்துக்கொண்டு உறைந்த வால்வுகளை இளக்குகிறான். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கையுறை நனைந்தால் விரல் மரத்துவிடும். அப்போது அவன் பார்ப்பது ட்ரில்லரின் முகத்தைத்தான். அந்த ட்ரில்லர் நன்றாகத் தோண்டுவதால் பதவி உயர்ந்தவர். கற்றுக்கொடுப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு வந்தால் மூக்கே மரத்துப்போகும். "இப்போது நாற்றம் இல்லை அண்ணே" என்று பையன் சொன்னால், ஆபத்து கூடியிருக்கலாம் என்பதை அவனுக்குப் புரியவைக்க வேண்டும். திட்டினால் அடுத்த முறை வாயே திறக்க மாட்டான். ஆகவே உங்கள் முதல் பயிற்சி வகுப்பு ட்ரில்லர்களுக்காக இருக்கட்டும். செய்து காட்டுவது, அவனைச் செய்யவிட்டுக் கூட நிற்பது, அப்புறம்தான் தனியாக விடுவது. புதியவர்கள் தங்கும் கணக்கை ட்ரில்லரின் போனஸோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆளெடுக்கும்போது அந்த மண்ணிலேயே வாழும், ட்ரீட்டி 8 என்ற பழைய ஒப்பந்தத்தில் சேர்ந்த பூர்வகுடிச் சமூகங்களிடம் முதலில் போங்கள். இளகும் காலத்திலும் அவர்கள் வீடு அங்கேதான். அவர்களின் வேட்டைக் காலத்துக்கு விடுப்பு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். ஆட்கள் தங்கும் கேம்ப்பில் வீட்டோடு வீடியோவில் பேசும் அளவுக்கு இணையம் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

முதலாளியிடம் சம்பள உயர்வு வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அதற்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை ஏப்ரல், மே மாதங்களுக்குக் கேளுங்கள். மறுக்கிறார் என்றால், போன குளிர்காலத்தில் பயிற்சி கொடுத்து இழந்த ஒவ்வொரு ஆளுக்கும் எவ்வளவு செலவானது என்று எழுதி அவர் மேசையில் வையுங்கள்.