பேண்டு அறைக்கு மகள் போகட்டும், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகள், தான் படித்த இடைநிலைப்பள்ளியின் பேண்டு இசைக்குழுவுக்கு உதவப் போகிறேன் என்கிறாள். சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை, அந்த நேரத்தில் அவள் வேலை செய்யும் சூப்பர்மார்க்கெட்டில் நின்றாலாவது நாலு காசு வருமே என்று கேட்டிருக்கிறீர்கள். கணவர் செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் குடும்பத்தில் இப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனாலும் போகட்டும் என்றே சொல்கிறேன். வேலையை விட வேண்டாம்; பேண்டுப் பயிற்சி நடக்கும் நாள்களில் மட்டும் ஷிப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கட்டும்.

அவளுக்கு இசை ஆசிரியராக ஆசை. கிளாரினெட் நன்றாக வாசிக்கிறாள் என்கிறீர்கள். வரிசையில் உட்கார்ந்து வாசிக்கிற பிள்ளைக்குத் தன் பகுதிதான் காதில் விழும். முன்னால் நின்று நடத்தும் ஆசிரியருக்கு அத்தனையும் கேட்க வேண்டும். அந்த வேலை தனக்குப் பிடிக்குமா என்பதை நான்காண்டுப் படிப்பில் சேர்ந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போதே பார்த்துவிடுவது நல்லது.

முதல் சில வாரம் அவள் ஓரமாக உட்கார்ந்து கவனிக்கட்டும். ஒரே சுரத்துக்குக் கருவிக்குக் கருவி தாளில் வேறு பெயர் இருக்கும். ஆசிரியர் “எல்லாரும் பி பிளாட் கொடுங்கள்” என்று ஒரு சுரத்தைக் கேட்டால், ஃபுளூட்காரருக்கு அது பி பிளாட்டேதான். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் தங்கள் தாளில் சி வாசிக்கும். ஆல்டோ சாக்ஸபோன் ஜி. ஃபிரெஞ்ச் ஹார்ன் எஃப். இத்தனை மாற்றத்தையும் ஆசிரியர் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே பேசுகிறார். ஏர்கோன் இல்லாத அறையில் மதிய வெயிலுக்கு ஊதுகருவிகளின் சுருதி ஏறிவிடும், கிளாக்கன்ஸ்பீலின் உலோகக் கட்டைகள் அதோடு சேர்ந்து ஏறாது. அப்போது சுருதியை இறக்க, கிளாரினெட்டின் மேல்துண்டான பேரலைக் கொஞ்சம் வெளியே இழுக்கச் சொல்கிறாரா, டிரம்பெட்டின் சுருதிக் குழாயான டியூனிங் ஸ்லைடை இழுக்கச் சொல்கிறாரா, பிள்ளைகளே காதால் கண்டுபிடிக்கட்டும் என்று விடுகிறாரா? அந்த நேரமெல்லாம் சும்மா நிற்கும் டிரம் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கிறார்? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. வகுப்பு கலைவது பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆசிரியர் வாசிப்பை நிறுத்தும்போதெல்லாம் நான்கு விஷயம் எழுதட்டும்: இசைத்தாளின் எந்த பாரில் (தாளக் கட்டத்தில்) நிறுத்தினார், என்ன பிழை, அதைச் சரிசெய்ய என்ன சொன்னார், மறுபடி வாசித்தபோது சரியாயிற்றா. சரியாகாத இடங்களை அவள் விடாமல் எழுத வேண்டும். கற்பித்தல் எவ்வளவு கடினம் என்பது அங்கேதான் தெரியும்.

பிறகு சின்னச் சின்ன உதவிகள்: நாற்காலி, ஸ்டாண்டு போடுவது, தாள் பிரித்துக் கொடுப்பது, வால்வுக்கு எண்ணெய் விடப் பழக்குவது, ஊதுமுனையில் உள்ள நாணல் தகடான ரீடை நனைக்காமல் ஊதும் முதலாம் படிவப் பிள்ளைக்கு நினைவூட்டுவது. ஆசிரியர் சொன்னால் மூன்று நான்கு புதுப் பிள்ளைகளைத் தனியே வைத்துப் பயிற்சி கொடுக்கலாம். அங்கே ஒரு சோதனை வரும். பிள்ளைக்கு வராத இடத்தைத் தானே ஊதிக் காட்டிவிடத் தோன்றும். அதை அடக்கிக்கொண்டு, முதலில் கையைத் தட்டித் தாளம் சொல்ல வைக்கட்டும், பிறகு பாட வைக்கட்டும், அதற்கப்புறம் ஊதட்டும். போன வருடம்வரை “அக்கா” என்று கூப்பிட்ட பிள்ளைகள் இவர்கள். கண்டிப்பது ஆசிரியரின் பொறுப்பு, அவள் அதில் தலையிடக் கூடாது. பிள்ளைகளைப் படமெடுத்து எங்கும் போடவும் கூடாது.

படிப்புக்கான வழிகளையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேண்டுமானால், எஸ்.பி.எம். முடிவோடு ஆசிரியர் பயிற்சிக் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். எந்தப் பாடப் பிரிவு திறக்கிறது என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். ஆறாம் படிவத்தின் எஸ்.டி.பி.எம். தேர்வு அல்லது மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பு முடித்தால் பல்கலைக்கழகம். நீங்கள் இருக்கும் சிலிம் ரிவருக்குப் பக்கத்திலேயே தஞ்சோங் மாலிமில் உப்சி எனப்படும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1922இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமானது; அங்கே இசைக் கல்வியில் பட்டம் படிக்கலாம். நேர்முகத் தேர்வில் “ஏன் ஆசிரியராக விரும்புகிறாய்?” என்று கேட்டால், அந்த நோட்டில் எழுதியதிலிருந்து அவளால் பதில் சொல்ல முடியும்.

பேண்டிலேயே வளர்ந்த பிள்ளைகள் பலருக்குக் கை பழகியிருக்கும், தியரி, அதாவது இசை இலக்கணம், பலவீனமாக இருக்கும். பிரிட்டனின் ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பு நடத்தும் இசைத் தேர்வில் 6ஆம் கிரேடு வாசிக்க வேண்டுமானால் பொதுவாக 5ஆம் கிரேடு தியரியைத் தேறியிருக்க வேண்டும். காத்திருக்கும் இந்த மாதங்களில் அதைப் படிக்கட்டும்; கட்டணம் கட்டித் தேர்வு எழுதுவதைப் பிறகு யோசிக்கலாம்.

முதலில் பேண்டு ஆசிரியரை நேரில் பார்த்துக் கேட்கச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் பள்ளி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம்: எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த மாதம் வரை, யார் மேற்பார்வையில். பெற்றோர் சம்மதம் என்று கீழே நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். எஸ்.பி.எம். முடிவு வந்ததும் மதிப்பெண் தாளையும் அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம்.