குழந்தைகளுக்கான வாசிப்புச் செயலி: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பிள்ளைகள் படிக்கும் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் வேலை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நிரல் எழுதுகிறவள் இல்லை என்பதால் அந்தப் பக்கம் கொஞ்சம் மேலோட்டமாகத்தான் இருக்கும்.

அக்கா, 3 வயதிலிருந்து 10 வயது வரை எல்லாருக்கும் ஒரே ஆப் போதுமா?

போதாது. 3 வயதுக் குழந்தை மடியில் உட்கார்ந்து கதை கேட்கும். 6 வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும். 9 வயதுக்காரன் முதல் திரையைப் பார்த்ததுமே ‘இது பாப்பாவுக்கு’ என்று மூடிவிடுவான். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் குழந்தைகள் பிரிவே 5 வயதுக்குள், 6–8, 9–11 என்று மூன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் நடுப்பிரிவில் தொடங்குவேன். தனியாகப் படிக்கும் ஆசையும், பக்கத்தில் யாராவது வேண்டும் என்கிற தேவையும் சேர்ந்தே இருக்கும் வயது அது.

படத்தைத் தொட்டால் யானை பிளிறும், பூ ஆடும். ஒரு பக்கத்தில் இப்படி எத்தனை வைக்கலாம்?

நானும் ஒரு காலத்தில் அள்ளி வைத்தவள்தான். ஒரு சோதனையில் ஒரு சிறுமி, தொட்டால் சிரிக்கும் மேகத்தை விடவே இல்லை. தொட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ‘என்ன கதை?’ என்று கேட்டேன். ‘மேகம் சிரிக்கும்’ என்றாள். கதை தொலைந்துபோன ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றியது.

டகாச், ஸ்வார்ட், பஸ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியிட்ட அலசலும் இதைத்தான் சொல்கிறது. கதையோடு ஒத்துப்போகும் அசைவும் ஒலியும் புரிதலுக்கு உதவுகின்றன. தொட்டு விளையாடும் அம்சங்களும் இடையில் வரும் விளையாட்டுகளும் உதவுவதில்லை. அதனால் இப்போது ஒரே கணக்குதான் வைத்திருக்கிறேன்: அந்த வரி சொல்வது மட்டும், அந்த வரி வாசிக்கப்படும்போது மட்டும் அசையும். ‘முயல் குழிக்குள் குதித்தது’ என்று குரல் சொல்லும்போது முயல் குதிக்கட்டும். பின்னால் இருக்கும் மரம் சும்மா இருக்கட்டும்.

குரலோடு சேர்த்து எழுத்து எழுத்தாக நிறம் மாற்றப் பார்த்தேன். ‘கொக்கு’ என்ற சொல்லில் கொம்பும் காலும் தனியாக நிறம் மாறுகின்றன. என்ன தப்பு?

இதுவரை வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. நம் கண்ணுக்கு ‘கொக்கு’ மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் அது ஆறு குறியீடு: க, அதன் ஒகரக் குறி, மறுபடி க, புள்ளி, மறுபடி க, உகரக் குறி. நீங்கள் குறியீடு குறியீடாக நிறம் மாற்றுகிறீர்கள். சேர்ந்து நிற்கும் எழுத்தை ஓர் அலகாகப் பிரித்துத் தரும் வசதி இன்றைய நிரல்மொழிகளில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் மட்டும் திரையில் நேரில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஆனால் குரலோடு ஓடும்போது எழுத்துவாரியாக வேண்டாம், சொல்வாரியாகப் போதும். கண் அத்தனை வேகத்தில் தாவாது. பிள்ளை ஒரு சொல்லைத் தொட்டால் அப்போது கொ–க்–கு என்று நிறுத்தி நிறுத்திக் காட்டலாம். ஒலியையும் சொல்லையும் நேரத்தால் இணைக்கும் ஏற்பாடு ஈபப் 3 (EPUB 3) என்ற மின்னூல் வடிவத்திலேயே இருக்கிறது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அப்புறம், வரி முடிவில் சொல்லை உடைக்காதீர்கள். ‘வந்துகொண்டிருந்தது’ பெரிய எழுத்தில் கைபேசித் திரையின் ஒரு வரியை ஏறக்குறைய முழுசாகவே தின்றுவிடும். எழுத்தைச் சிறிதாக்குவதற்குப் பதில் எழுத்தாளரிடம் போய் ‘வந்தது’ போதுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் போதும்.

நட்சத்திரம், நாணயம், ‘தொடர்ந்து 7 நாள்’ பரிசெல்லாம் வைக்கலாமா?

வேண்டாம் என்பேன். உளவியலாளர் லெப்பரும் அவர் குழுவினரும் 1973இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து அவர்கள் போக்கில் விட்டபோது, அந்தக் குழந்தைகள் பேனாவைத் தொட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான்.

தொடர்நாள் கணக்கு இன்னும் மோசம். காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போய், எண் பூஜ்யத்துக்கு வந்ததற்காக அழும் பிள்ளைக்கு என்ன சமாதானம் சொல்வீர்கள்? படித்த புத்தகங்கள் அடுக்கில் சேரட்டும், அது போதும். ஒரே கதையை இருபதாம் முறை படித்தாலும் அதுவும் படித்ததாகவே தெரியட்டும்.

மேடம், பெற்றோருக்கு என்னென்ன அறிக்கை காட்டுவது?

எத்தனை நிமிடம், எத்தனை பக்கம் என்று வரைபடம் காட்டினால் அப்பா அம்மா மேற்பார்வையாளர் ஆகிவிடுவார்கள். ‘இன்றைக்கு நாலு நிமிஷம்தானா?’ என்ற கேள்விதான் வரும்.

உளவியலாளர் வைட்ஹர்ஸ்டும் குழுவினரும் 1988இல் காட்டியது வேறு வழி. படக்கதை வாசிக்கும்போது விரிந்த பதில் வரும்படி கேட்கவும், பிள்ளை சொன்னதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லவும் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் பிள்ளைகளின் பேச்சுத்திறன் கூடியது. செயலியில் இதை ஒரு வரியில் செய்யலாம்: ‘இன்று ஆமைக் கதை படித்தாள். ஆமை ஏன் திரும்பி வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.’ வாசித்து முடித்த பிறகு, பெற்றோர் பக்கத்தில், ஒரே ஒரு கேள்வி. கதைக்கு நடுவே கேட்டால் அது பரீட்சை.

பெற்றோர் பகுதிக்குப் பூட்டாக ஒரு பெருக்கல் கணக்கு வைத்தால்?

வைத்தேன். எட்டு வயதுப் பையன் திறந்துவிட்டு, இன்னும் கஷ்டமாகக் கொடுங்கள் என்றான். பணம் சம்பந்தப்பட்டதற்குக் கருவியின் கடவுச்சொல்லையே கேளுங்கள்.

பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டிபியும் (dp) ஆப்பிள் சொல்லும் 44 புள்ளியும் (pt) பொதுவான குறைந்தபட்ச அளவு; இரண்டும் திரையில் அளக்கும் அலகுகள். சின்னப் பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே போங்கள். கருவியைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் ஓரத்தில் பட்டுப் பக்கம் தானாகப் புரளும், அதனால் ஓரங்களை உணர்வற்றதாக விடுங்கள். பக்கம் புரண்டதும் அரை நொடிக்கு அடுத்த தொடுதலை ஏற்காதீர்கள்.

பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, படம் எல்லாம் வாங்கலாமா?

எதற்கு? வயதுப் பிரிவு ஒன்று போதும். செல்லப்பெயர் வேண்டுமானால் கருவிக்குள்ளேயே இருக்கட்டும். அமெரிக்காவின் காப்பா சட்டம் 13 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டம் 18 வயது வரை குழந்தையாகவே கொள்கிறது. அவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்தையும் தடுக்கிறது. வாங்காத விவரத்தைப் பாதுகாக்கும் தலைவலி இல்லை.

இரவு நேர வேலை பார்க்கும் அப்பாவின் குரலைப் பதிந்து வைக்கும் வசதி தரலாமா?

தாராளமாக. பக்கம் பக்கமாகப் பதியவிடுங்கள், தவறினால் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பப் பேசலாம். ஆனால் ஒலியை ரொம்பச் சுத்தம் செய்யாதீர்கள். எங்கள் சோதனையில் ஓர் அப்பா மூன்றாம் பக்கத்தில் இருமியிருந்தார். அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு மகள் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது அவளும் கூடவே இருமுவாள்.

வெளியிடும் முன் எப்படிச் சோதிப்பது?

பிள்ளையையும் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கருவியைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் ஓரமாக இருங்கள். எங்கே தொட்டார்கள் என்பதைக் கருவியே பதிந்துகொள்ளும். பிள்ளை எந்தப் பக்கத்தில் திரையை விட்டு நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தது என்பதை நீங்கள்தான் குறித்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் திருத்துவது, ஒரு தடவைகூட நிமிராத பக்கங்களைத்தான்.