அப்பாவின் 1986 புல்லட்டுக்குப் புது மாடல் பாகங்களைப் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பா விட்டுச்சென்ற 1986 ஸ்டாண்டர்டு 350, ஆறு வோல்ட் வண்டி. விளக்கு மங்கல், முன் பிரேக் பிடிக்கவில்லை. 12 வோல்ட், டிஸ்க் பிரேக், செல்ஃப் ஸ்டார்ட், இடதுகால் கியர் எல்லாவற்றையும் புது மாடலிலிருந்து எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

சிலது செய்யலாம், சிலது வேண்டாம். என்னிடம் இருப்பது 1984 வண்டி, அதுவும் அப்பா ஓட்டியதுதான். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

'புல்லட்டுக்குப் புல்லட் சாமான் சேரும்' என்று கடையில் சொல்வார்கள். அதை அப்படியே நம்பாதீர்கள். உங்களுடையது காஸ்ட் அயர்ன் எஞ்சின். எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி, நடுவில் பிரைமரி செயின். 2010க்குப் பிறகு வந்தவற்றில் எஞ்சினும் கியரும் ஒரே கூட்டுக்குள். உங்களுடையதும், 2023 வரை வந்த அந்த 350 புல்லட்டும் 346 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. எண்கள் ஒத்துப்போவதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளே அது வேறு எஞ்சின்.

செல்ஃப் ஸ்டார்ட்டை இங்கேயே விட்டுவிடுங்கள். மோட்டாருக்கும் அதன் பல்சக்கரத்துக்கும் உங்கள் எஞ்சின் கூட்டில் இடமே இல்லை. இடதுகால் கியரும் எனக்குச் சம்மதமில்லை. வலதுகாலில் கியர், மேலே ஒன்று கீழே மூன்று, இடதுகாலில் பிரேக். இதுதான் அந்த வண்டி. ஒரு மாதம் ஓட்டினால் கால் தானாகப் பழகிவிடும்.

12 வோல்ட் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் முழு செட்டாகச் செய்ய வேண்டும். நான் அரைகுறையாகச் செய்தேன். ஸ்டேட்டர் (கரண்ட் உண்டாக்கும் காயில்கள்), ரெகுலேட்டர், பேட்டரி, ஹெட்லைட் பல்பு, ஹாரன் எல்லாம் மாற்றினோம். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் மட்டும் பழையது. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. திருச்சியிலிருந்து மதுரைக்குக் கிளம்பி, விராலிமலை தாண்டியதும் இழுவை குறைந்து, விட்டுவிட்டு வெடித்து, நின்றுபோனது. காயிலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அந்தக் காயிலின் கரண்டைச் சேர்த்தும் துண்டித்தும் பொறி வரவைக்கும் பாயிண்ட்டின் மூடியைத் திறந்தால், அதன் முகம் கருகிக் குழி விழுந்திருந்தது. ஆறு வோல்ட் காயிலுக்கு இரண்டு மடங்கு வோல்ட் கொடுத்தால் இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், சூடு நான்கு மடங்காகும். அப்புறம் 12 வோல்ட் காயில், புதுப் பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் சேர்த்து மாற்றினேன். இன்றுவரை தொந்தரவு இல்லை. ஹெட்லைட்டுக்கு இரு பக்கமும் கண் மாதிரி இருக்கும் பார்க்கிங் விளக்குகளின் பல்புகளையும் மறக்காதீர்கள். எல்லாரும் விடுவது அதைத்தான்.

புது ஸ்டேட்டர் போடும்போது ஒரு வேலையை நீங்களே கூட இருந்து பாருங்கள். சுழலும் காந்தத்துக்கும் அதைச் சுற்றியுள்ள காயில்களுக்கும் நடுவே சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி வேண்டும், கிட்டத்தட்ட 0.2 மி.மீ. நான் வீட்டில் கிடந்த பழைய எக்ஸ்ரே பிலிமில் ஒரு விரல் அகலத் துண்டை வெட்டி, சுற்றி வரச் செருகிப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் நுழையவில்லை. ஸ்டட் நட்டைத் தளர்த்தி, ஸ்டேட்டரை லேசாக நகர்த்தி, பிலிம் எல்லா இடத்திலும் வழுக்கிக்கொண்டு போன பிறகுதான் முறுக்கினேன். அப்படியே விட்டிருந்தால் காந்தம் உரசி ஸ்டேட்டர் போயிருக்கும்.

அடுத்தது மரை. பழைய பாகங்களைக் கெடுப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. இந்த வண்டி இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு ஆலையின் வடிவம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அவர்களோடு சேர்ந்து, திருவொற்றியூரில் உற்பத்தி தொடங்கியபோது இங்கிலாந்தின் அங்குல மரையும் கூடவே வந்தது. மில்லிமீட்டர் மரை பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நுழைந்தது. ஆகவே உங்கள் வண்டியில் பெரும்பாலும் அங்குல மரைதான் இருக்கும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. கடையில் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டை அதன் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இந்த வண்டியில் வரும் 'சைக்கிள் மரை' என்ற அங்குல மரை வகையில் அங்குலத்துக்கு 26 சுற்று, அதாவது சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 8 மி.மீ. போல்ட்டில் சுற்றுக்கு 1.25. முதல் இரண்டு சுற்று கையாலேயே போகும், பிறகு இறுகும். அந்த இடத்தில் ஸ்பேனர் போட்டு அழுத்தினால் அலுமினியக் கேஸின் மரை சுருண்டு வெளியே வந்துவிடும். என் வண்டியில் ஒரு துளை அப்படிப் போய், லேத்தில் கொடுத்து ஹெலிகாயில் (கெட்ட துளைக்குள் புது மரையாகச் செருகும் கம்பிச்சுருள்) போட வேண்டியதாயிற்று. கையால் முழுக்கப் போகாத போல்ட் அந்தத் துளைக்கு உரியதல்ல. மரையின் இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை.

பிரேக். டிஸ்க் போடுவதென்றால் காலிப்பர் பிடிப்புள்ள ஃபோர்க், ஹப், சக்கரம், மாஸ்டர் சிலிண்டர் என்று முன்பக்கம் முழுவதையும் மாற்றியாக வேண்டும். முதலில் டிரம்மை லேத்தில் கடைந்து, ஷூவுக்கு நல்ல லைனிங் ஒட்டி, புதுக் கேபிள் போட்டுப் பாருங்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. செயின் செட் மாற்றும்போது ஒன்று: பின் பல்சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. பல் தேய்ந்தால் டிரம்மோடுதான் மாற்ற வேண்டும்.

வாங்கப் போகும்போது பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். புதிதாக வேண்டுமென்றால் சென்னை ஜி.பி. ரோடு, பழைய அசல் பாகத்துக்குப் புதுப்பேட்டை. கவுன்டரிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்துவிடுங்கள். கழற்றிய எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

எலக்ட்ரானிக் இக்னிஷனும் போடச் சொல்வார்கள். நல்ல பொருள்தான், ஆனால் நான் பாயிண்ட்டையே வைத்திருக்கிறேன். அப்பா கற்றுக்கொடுத்தது இது: சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்வரை முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் பாயிண்ட் திறந்து முள் நடுவுக்கு வரும். அங்கே டிகம்ப்ரெஷரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) பிடித்து, இம்மியளவு தாண்டவிட்டு, ஒரே உதை. உங்கள் அப்பாவும் அப்படித்தான் ஸ்டார்ட் செய்திருப்பார், வீட்டில் கேட்டுப் பாருங்கள்.