எதிரே வரும் கார் விளக்கைச் சிமிட்டினால் நிற்பதா, போவதா?

இங்கிலாந்தில் ஒரு குறுகலான தெருவில் எதிரே வந்த கார் விளக்கைச் சிமிட்டியதும் நீங்கள் நின்றுவிட, இருவரும் காத்திருந்ததைச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எதிரே வந்தவர் முகப்பு விளக்கைச் சிமிட்டியது, பெரும்பாலும் ‘நீங்கள் முதலில் வாருங்கள்’ என்று வழிவிட்டதன் அடையாளமே. அதை அதட்டலாக எடுத்துக்கொண்டு நீங்களும் நின்றுவிட்டதால்தான் இருவரும் காத்திருக்க நேர்ந்தது.

வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் ஓட்டிப் பழகிய கண்ணுக்கு அந்த ஒளி ‘நான் வருகிறேன், ஒதுங்கு’ என்றுதான் படும். எனக்கும் முதல் வாரம் முழுவதும் அப்படித்தான் பட்டது.

அடுத்த முறை, எதிர்வண்டி உண்மையிலேயே ஓரங்கட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் மெதுவாகக் கடந்து, கையை லேசாக உயர்த்தி நன்றி தெரிவியுங்கள். அங்கே அது எதிர்பார்க்கப்படும் மரியாதை.

ஆனால் இது வழக்கமே தவிர விதியன்று. பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோட், தன் 110, 111ஆம் விதிகளில், விளக்கைச் சிமிட்டுவது நம் இருப்பை உணர்த்த மட்டுமே என்றும், அதை அழைப்பாகக் கருதவே கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே சந்திப்பில் வலப்புறம் திரும்பும்போது சிமிட்டலை நம்பாமல், சாலையை நீங்களே பார்த்த பிறகு திரும்புங்கள்.