வாசகர் கேள்வி – பதில்: முன்னோடித் திட்டங்கள் எப்போது கொள்கையாகின்றன?

கேள்வி: நீர் மேலாண்மையில் முன்னோடித் திட்டம் என்று ஏதேனும் ஓரிடத்தில் ஒரு சோதனை முயற்சி நடக்கிறது, அறிக்கை வெளியாகிறது, அதன் பிறகு பேச்சே இல்லை. இவற்றால் அரசின் கொள்கை எங்கேனும் உண்மையாகவே மாறியிருக்கிறதா?

பதில்: மாறியிருக்கிறது. பெரும்பாலான முயற்சிகள் அறிக்கையோடு நின்றுவிடுகின்றன என்ற உங்கள் ஆதங்கமும் நியாயமானதே. என்னைக் கேட்டால், சோதனையை நடத்துபவர்கள் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாளை நாடு முழுவதும் அந்த வேலையைச் செய்ய வேண்டிய துறையே சோதனையையும் நடத்தி, அதில் பட்டறிந்தவற்றைக் கொண்டு தன் அலுவலக விதிகளைத் திருத்திக்கொண்டால், அது கொள்கையாக வளரும். வெளியிலிருந்து வந்தவர்கள் செய்து முடித்துவிட்டுப் போனால், அவர்களோடு அந்த அறிவும் போய்விடும்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசியப் பாசன நிர்வாகம் 1976-இல் நுவேவா எசிஹா மாகாணத்தின் லௌர் பகுதியில் தொடங்கிய முயற்சி இதற்கு நல்ல சான்று. அதுவரை பொறியாளர்கள் வரைபடம் தயாரித்து, அணை கட்டி, வாய்க்கால் வெட்டி முடித்த பிறகே உழவர்களை அழைத்துச் சங்கம் அமைக்கச் சொல்வது வழக்கம். லௌரில் இந்த வரிசை மாற்றப்பட்டது. கட்டுமானத்துக்கு முன்பே சமூகப் பணியாளர்கள் கிராமத்தில் குடியேறி, உழவர்களைச் சங்கமாகத் திரட்டினார்கள். அணை எங்கே அமைய வேண்டும், வாய்க்கால் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதில் உழவர்கள் பொறியாளர்களோடு சேர்ந்து முடிவெடுத்தார்கள்; வாய்க்காலுக்கு வழிவிட வேண்டிய நில உரிமையாளர்களிடம் அவர்களே பேசினார்கள். கட்டுமானச் செலவில் ஒரு பகுதியைப் பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டியவர்கள் தாங்கள்தான் என்பதால், வாங்கிய பொருள்களுக்கான கணக்கையும் கேட்டுச் சரிபார்த்தார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. பொறியாளர்களின் கால அட்டவணையும் சங்கம் உருவாகும் வேகமும் ஒத்துப்போகாமல் வேலை தாமதப்பட்டது. ஆனால் களத்தில் நடந்தவற்றை உடனிருந்து எழுதிவைப்பதற்கென்றே ஆய்வாளர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். மூத்த அலுவலர்களும் ஆய்வாளர்களும் அடங்கிய குழு ஒன்று அந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்து விவாதித்தது. அதன் பயனாக, கட்டுமானத்துக்கு முந்தைய ஆயத்தக் காலம், பணியாளர் நியமனம், கணக்கு ஒப்பிடும் முறை ஆகியவை ஒவ்வொன்றாக மாறின. பின்னர் வேறு சில இடங்களில் சோதித்துப் பார்த்து, 1980-களில், உழவர் சங்கங்களே நடத்தும் சிறு பாசன அமைப்புகளான சமுதாயப் பாசனத் திட்டங்கள் அனைத்துக்கும் இதுவே நடைமுறையாக்கப்பட்டது. இதற்குப் பின்னால் ஒரு நெருக்கடியும் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்: நிர்வாகம் தன் செலவைத் தன் வருவாயிலிருந்தே சமாளிக்க வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. உழவர்கள் ஏற்றுக்கொள்ளாத வாய்க்காலுக்குக் கட்டணம் வசூலிப்பது கடினம் என்பதால், அவர்கள் சொல்வதைக் கேட்பது அந்தத் துறையின் சொந்தத் தேவையாகவும் ஆயிற்று.

கேள்வி: அப்படியானால், வெற்றி பெற்ற முன்னோடித் திட்டத்தை நாடு முழுவதும் உடனே விரிவுபடுத்திவிடலாம் அல்லவா?

பதில்: 'உடனே' என்ற அந்தச் சொல்தான் எனக்கு அச்சமூட்டுகிறது. இந்தியாவில் 1996-இல் உத்தரப் பிரதேசத்தில் உலக வங்கியின் உதவியோடு 'ஸ்வஜல்' திட்டம் தொடங்கியது. மலைப்பகுதியிலும் புந்தேல்கண்டிலுமாகச் சுமார் ஆயிரம் கிராமங்கள் அதில் இடம்பெற்றன. குடிநீர்த் திட்டத்தைக் கிராம மக்களே தேர்ந்தெடுத்து, செலவில் ஒரு பங்கைத் தாங்களே தந்து, பராமரிப்பையும் ஏற்றுக்கொள்வது என்பது அதன் அடிப்படை. அது முடிவதற்கு முன்பே, 1999-இல், அதே கோட்பாடுகள் 67 மாவட்டங்களில் சீர்திருத்தச் சோதனையாக நடைமுறைக்கு வந்தன. அந்தச் சோதனையின் பாடங்களை நிதானமாக அலசிப் பார்ப்பதற்குள், 2002 டிசம்பர் 25 அன்று 'ஸ்வஜல்தாரா' என்ற பெயரில் அது நாடு தழுவிய திட்டமாகிவிட்டது.

மூலதனச் செலவில் 10 விழுக்காட்டைப் பயனாளிகள் தர வேண்டும் என்ற விதி அப்படியே விரிவடைந்தது. அந்த விதிக்கு உயிர் கொடுத்த உழைப்பு அதனுடன் விரிவடையவில்லை. ஸ்வஜலில் தொண்டு நிறுவனப் பணியாளர்கள் மாதக்கணக்கில் ஊரில் கூட்டம் நடத்திப் பேசிய பிறகே பணம் திரட்டப்பட்டது. அந்தப் பேச்சு நடக்காத இடங்களில், ஊருக்காக ஒப்பந்தக்காரரோ வசதி படைத்த ஒருவரோ மொத்தத் தொகையையும் கட்டிவிடுவது நடந்தது. காகிதத்தில் பங்களிப்பு நிறைவேறிவிடும். மோட்டார் பழுதானால் யாருடைய பொறுப்பு என்பது மட்டும் ஊரில் எவருக்கும் தெரியாது. எளிதில் எண்ணிக் கணக்குக் காட்டக்கூடியதைக் கொள்கை எடுத்துக்கொண்டு, எண்ண முடியாததை விட்டுவிட்டது என்பதே என் வருத்தம்.

கேள்வி: ஒரு நகராட்சியின் அனுபவம் தேசியக் கொள்கையாகும் அளவுக்குப் போவதுண்டா?

பதில்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சொல்லலாம். அங்கே நகர விளிம்பில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு 200 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று வீட்டு மனையிலேயே வைக்கப்பட்டு, நாள்தோறும் ஒருமுறை நிரப்பப்பட்டது. ஆளுக்கு 25 லிட்டர் வீதம் எட்டுப் பேருக்கு ஒரு நாளைக்குப் போதுமான அளவு அது. இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துபவர்களிடம் அளவெடுத்து, ரசீது அனுப்பி, வசூலிக்க ஆகும் செலவு கிடைக்கும் தொகையைவிட அதிகம் என்று நகராட்சி கண்டுகொண்டது. எனவே 1990-களின் இறுதியில் அந்த அளவு நீரை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது.

அப்போது நீர்வளத் துறை அமைச்சராக இருந்த ரோனி காஸ்ரில்ஸ், கிராமப்புறத்தில் குழாய் வசதி செய்யப்பட்ட ஓர் ஊரில், கட்டணம் செலுத்த முடியாத தாய் ஒருவர் ஆற்றுமணலைத் தோண்டி நீர் எடுத்ததை நேரில் பார்த்ததாகக் கூறியிருக்கிறார். போதிய நீர் பெறும் உரிமையை அந்நாட்டின் 1996 அரசமைப்புச் சட்டம் முன்பே உறுதிசெய்திருந்தது. சட்டம் இருந்தது, மனம் கலங்கிய அமைச்சர் இருந்தார். இதைச் செய்ய முடியும் என்பதற்கான கணக்கு டர்பனில் இருந்தது. 2001 முதல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்பது தேசியக் கொள்கையாயிற்று. டர்பன் தொட்டியின் 200 லிட்டரை 30 நாளால் பெருக்கினால் வரும் அதே எண்.

அந்த எண்ணோடு டர்பனின் நிதிநிலையும் பயணப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கே தொழிற்சாலைகளும் அதிகம் பயன்படுத்தும் வசதியான வீடுகளும் செலுத்திய கட்டணம் ஏழைகளின் இலவச நீருக்குக் கைகொடுத்தது. பெரும்பாலான வீடுகள் ஏழை வீடுகளாகவே இருந்த சிறிய நகராட்சிகளுக்கு அந்த வழி இல்லை. ஒரே மனையில் பல குடும்பங்கள் வாழ்ந்த இடங்களில் 6,000 லிட்டர் மாதக் கடைசி வரை வரவில்லை. டர்பன் நகராட்சியே 2008-இல் தன் இலவச அளவை 9,000 லிட்டராக உயர்த்தியது.