கடற்கரை, இயற்கை, உள்ளூர்ப் பண்பாடு மூன்றும் ஒரே தீவில் வேண்டுமென்றால் எங்கே போகலாம்?

மொரீசியஸ் போங்கள். கடல் மட்டும் போதுமென்றால் மாலத்தீவையே சொல்லியிருப்பேன். நீங்கள் மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள்.

கடற்கரையைப் பொறுத்தவரை, தங்குமிடத்தைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தீவின் பெரும்பகுதியைப் பவளத்திட்டு சூழ்ந்திருப்பதால் அலைகள் தூரத்திலேயே உடைந்துவிடும். கரையோரம் குளம்போல அமைதியாக இருக்கும். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். அப்போது கிழக்கே பெல் மாரைவிட மேற்கே ஃபிளிக் அன் ஃபிளாக் நல்லது. தெற்கே கிரி-கிரியில் பவளத்திட்டு இல்லை, அலைகள் நேராகப் பாறையில் மோதும். பார்க்க அற்புதமான இடம்; குளிக்க மட்டும் இறங்காதீர்கள்.

இயற்கைக்கு எல்லோரும் ஷாமரேலின் ஏழு வண்ண மண்ணைச் சொல்வார்கள். அரை மணி நேரம் போதும். அதைவிட, மாஹேபூர் பக்கம் படகேறி இல் ஓ ஸெக்ரெத் என்ற சிறு தீவுக்குப் போங்கள். வழிகாட்டியோடுதான் போக முடியும். டோடோ பறவை அழிந்துபோன நாட்டில், மிச்சமிருக்கும் உயிர்களை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். 1990 வாக்கில் காட்டில் பத்து அளவில்தான் எஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறா, இன்று நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அந்தப் புறா தலைக்கு மேல் கிளையில் வந்து உட்கார்ந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

பண்பாடு என்றால் ஹோட்டலில் இரவு உணவோடு காட்டும் செகா நடனத்தோடு நின்றுவிடாதீர்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழிவந்த கலை அது. ரவான் என்ற ஆட்டுத்தோல் பறையை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, தோல் இறுகியதும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கத் தொடங்குவார்கள். நம்மூர்ப் பறையும் அப்படித்தானே! கால் தரையை விட்டு எழாமலே ஆடுவார்கள்.

தலைநகர் போர்ட் லூயியில் ‘ஆப்ரவாசி காட்’ என்ற பழைய படித்துறையை விட்டுவிடாதீர்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கரையேறிய படிகள் அங்கே இருக்கின்றன. அதற்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் வந்துவிட்டார்கள். இன்றும் அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. காவடி எடுப்பவர்களில் பலர் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. ஆனாலும் விரதமும் அலகும் பால்குடமும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. வழிபாடு முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. கூப்பிட்டால் கட்டாயம் உட்காருங்கள்.

சாலையோரத்தில் தால் பூரி சாப்பிடுங்கள். வேகவைத்துப் பொடித்த கடலைப்பருப்பை உள்ளே வைத்துத் தேய்த்த மெல்லிய ரொட்டி. இரண்டு இரண்டாக, பீன்ஸ் கறியும் மிளகாயும் வைத்துச் சுருட்டித் தருவார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரி புயல் காலம். வெயிலும் மழையும் அதிகம். மே முதல் நவம்பர் வரைதான் வானிலை இதம். கடல்தான் முக்கியம் என்றால் அக்டோபரில் போங்கள். என்னைக் கேட்டால், மழையைப் பொறுத்துக்கொண்டு தைப்பூசத்துக்கே போகச் சொல்வேன். தங்குமிடத்தை மட்டும் முன்பே பதிவு செய்துவிடுங்கள், இருட்டிய பிறகு கிராமப் பேருந்தை நம்பாதீர்கள்.